மல்லாட்டை மூட்டையில் மறைந்திருக்கும் பூஞ்சை நஞ்சு... ஏற்றுமதி சரக்குக்கு லேப் சோதனை, ஊர் சரக்குக்கு கைப்பிடி சோதனை!

திண்டிவனம்:

மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். ரெண்டு பருப்பை வாயில் போட்டு மெல்லுவார். "ஈரம் இருக்குதே" என்றோ, "சரக்கு தேவலை" என்றோ சொல்லி விலையைப் போடுவார். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் மல்லாட்டை வியாபாரம் காலங்காலமாக இப்படித்தான் நடந்து வருகிறது.

ஈரம், சொத்தை, கல்லு, மண்ணு எல்லாம் அந்த ஒரு பிடியில் தெரிந்துவிடும். அகப்படாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. அதன் பெயர் அப்லாடாக்சின். கடலை, மக்காச்சோளம், மிளகாய் வத்தல் ஆகியவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை சுரக்கும் நஞ்சு இது. கல்லீரலைக் கெடுக்கும். தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதி செய்து, முதல் வகுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஏற்கனவே மஞ்சள் காமாலை 'பி' வைரஸ் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

2025 செப்டம்பரில் இந்த நஞ்சு மறுபடியும் தலைப்புச் செய்திக்கு வந்தது. இந்தியக் கடலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா, அப்லாடாக்சின் கூடுதலாக இருப்பதாகச் சொல்லி இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஏற்றுமதியாளர்கள் பதறிப்போனார்கள். டெல்லி வரை பேச்சு நடந்தது. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று சொன்ன சரக்கு அப்புறம் யார் வாய்க்குப் போகும் என்று மட்டும் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

வான்கோழியில் தொடங்கிய கதை

இந்த நஞ்சைக் கண்டுபிடிக்கக் காரணமே கடலைப் புண்ணாக்குதான். 1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். துருவிப் பார்த்ததில், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் இருந்த பூஞ்சையின் பெயரில் இருந்துதான் நஞ்சுக்கும் பெயர் வந்தது.

கோழிக்கு வந்த நோய் நமக்கென்ன என்று இருக்க முடியாது. 1974-ல் ராஜஸ்தான் மாநிலம் பன்ஸ்வாரா, குஜராத் மாநிலம் பஞ்ச்மகால் பகுதிகளில் ஏழை மலைவாழ் மக்கள், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டார்கள். வேறு தானியம் வீட்டில் இல்லை. 397 பேருக்கு மஞ்சள் காமாலை மாதிரி வந்து, வயிறு வீங்கியது. 106 பேர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் விசாரித்து, காரணம் அப்லாடாக்சின் என்று சொன்னது. 2004-ல் கென்யாவில் இதே மக்காச்சோளம், இதே நஞ்சு. 317 பேர் பாதிப்பு, 125 பேர் பலி.

இப்படி மொத்தமாக ஆட்கள் சாவது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போவதுதான் நம் ஊர் பிரச்சினை. இன்றைக்குச் சாப்பிட்டால் இன்றைக்கு ஒண்ணும் ஆகாது. அதனால் யாருக்கும் பயமும் இல்லை.

3 பருப்பு போதும்... 80 கிலோ மூட்டை காலி!

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பதப்படுத்தப் போகும் கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை அப்லாடாக்சின் இருக்கலாம். அப்படியே சாப்பிடும் கடலை என்றால் 10. ஐரோப்பிய நாடுகளில் அப்படியே சாப்பிடும் கடலைக்கு வெறும் 4. 15 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு டன் கடலைக்கு 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகமிகக் குறைவு.

அளவு சின்னது என்பதைவிடப் பெரிய தலைவலி, அது மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது என்பது. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும். எங்கோ ஒரு பருப்பில் மொத்த நஞ்சும் உட்கார்ந்திருக்கும். கிலோ கணக்கில் சொன்னால் 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவுக்குக்கூட தனிப் பருப்பில் நஞ்சு இருந்ததாக ஆராய்ச்சியில் பதிவாகி இருக்கிறது. அது உச்சக்கட்டம்தான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோ மூட்டையில் 1 லட்சத்து 60 ஆயிரம் பருப்பு. அதில் அப்படிப்பட்ட கெட்ட பருப்பு 3 இருந்தால், மூட்டையின் சராசரி கிட்டத்தட்ட 19 மைக்ரோகிராம் ஆகிவிடும். வரம்பைத் தாண்டியாச்சு! இப்போது வியாபாரி கையை விட்டு 100 கிராம் அள்ளுகிறார். 200 பருப்பு வரும். அதில் அந்த மூன்றில் ஒன்று சிக்குவதற்கு, ஏறக்குறைய 270 முறை அள்ளினால் ஒரு முறை வாய்ப்பு. மற்ற எல்லா முறையும் 'சரக்கு சுத்தம்' என்றுதான் தெரியும்.

சிக்கிவிட்டால் அது இன்னொரு வம்பு. அந்த 100 கிராமை லேபுக்குக் கொடுத்தால் 5 ஆயிரம் மைக்ரோகிராம் என்று ரிப்போர்ட் வரும். மூட்டையே கொடிய விஷம் என்று தோன்றும். ஒரே மூட்டையை இரண்டு இடத்தில் சோதித்து இரண்டு விதமாக ரிப்போர்ட் வருவதற்கு லேப் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை. மாதிரி எடுத்த லட்சணம் அப்படி.

அதனால்தான் சர்வதேச விதியில், பல மூட்டைகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்த்து, அதை முழுக்க அரைத்துக் கலந்து, அந்த மாவில் இருந்து சோதிக்கச் சொல்கிறார்கள். கைப்பிடி எங்கே, 20 கிலோ எங்கே!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. என்ற பெரிய மெஷினில் துல்லியமாக அளப்பார்கள். விலை பல லட்சம், ஓட்டுவதற்குப் படித்த ஆள் வேண்டும். எலிசா என்ற முறை அதைவிட மலிவு. ஒரே தட்டில் பல மாதிரிகளைப் பார்க்கலாம்.

மக்காச்சோளத்துக்குப் பழைய முறை ஒன்று உண்டு. இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டு, உடைத்த சோளத்தைக் காட்டினால், பூஞ்சை பிடித்த இடம் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். பலரும் நினைப்பது மாதிரி மின்னுவது அப்லாடாக்சின் கிடையாது. அதே பூஞ்சை சுரக்கும் வேறொரு பொருள். மின்னினால் சந்தேகம், அவ்ளோதான். மின்னாவிட்டால் நஞ்சு இல்லை என்றும் அர்த்தம் இல்லை.

இப்போது பேசப்படுவது பட்டை சோதனை. கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியே இருக்கும். அரைத்த மாவை ஆல்கஹால் கலந்த தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, சில சொட்டுகள் விட்டால் 15 நிமிடத்துக்குள் கோடு தெரியும். ஆனால் கர்ப்ப அட்டைக்கு நேர் மாறு. நஞ்சு அதிகம் என்றால் கோடு மங்கும் அல்லது காணாமல் போகும். கோடு பளிச்சென்று விழுந்தால் தப்பித்தோம். ஐதராபாத் அருகே பதஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், ஒரு சோதனைக்கு 2 டாலருக்கும் குறைவாக ஆகும் இப்படி ஒரு கருவியை 2016-ல் அறிமுகப்படுத்தியது. களத்துமேட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

ஆக, கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. வழி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் விவகாரமே.

கோழிக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

நாமக்கல் பக்கம் போனால் வேறு உலகம். முட்டைக்கோழி தீவனத்தில் பாதிக்குமேல் மக்காச்சோளம். பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்தும், கர்நாடகா, பீகாரில் இருந்தும் லோடு வரும். அப்லாடாக்சின் கூடினால் முட்டை குறையும், தடுப்பூசி பிடிக்காது, கோழி சாகும். பண்ணைக்காரருக்கு அடுத்த வாரமே நஷ்டம் தெரிந்துவிடும். அதனால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்கி வருகிறது. பெரிய தீவன ஆலைகளில் சரக்கு இறக்கும் முன்பே மாதிரி எடுத்துவிடுகிறார்கள். மீறி வந்தால் சமாளிக்க, நஞ்சை உறிஞ்சும் மருந்துகளையும் தீவனத்தில் கலக்கிறார்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும் கடலைக்கும் அப்படியே. அபேடா அங்கீகரித்த ஆலையில் தரம் பிரித்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, சான்று வாங்கினால்தான் கப்பல் ஏறும். துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் ஏற்றுமதியாளர் தலையில் துண்டு.

யாருக்கு உடனே நஷ்டமோ அவர் சோதிக்கிறார். ஊர்ச் சந்தையில் கடலை வாங்கி வறுத்துத் தின்கிறவருக்கு நஷ்டம் 20 வருஷம் கழித்து வரும். அதற்கு யார் ரிப்போர்ட் வாங்குவது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரம் பார்க்கிறார்கள், பருப்புத் தேறும் அளவு பார்க்கிறார்கள், சுருங்கல், கல், மண் பார்க்கிறார்கள். நஞ்சு அளவு பார்த்து விலை போடும் வழக்கம் இல்லை. சுத்தமாகக் காயவைத்த விவசாயிக்கும், அரைகுறையாய்க் காயவைத்தவருக்கும் அந்த விஷயத்தில் ஒரே விலைதான். அப்புறம் எவர் கூடுதலாக ரெண்டு நாள் காயவைக்கப் போகிறார்?

ஒதுக்கிய பருப்பு எங்கே போகிறது?

ஏற்றுமதி ஆலைகளில் கலர் சார்ட்டர் மெஷின் வைத்து, நிறம் மாறிய, சுருங்கிய, சொத்தைப் பருப்பைத் தனியாகத் தள்ளிவிடுகிறார்கள். நஞ்சில் பெரும்பங்கு அந்தக் கழிவில்தான் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கழிவைக் குழி தோண்டிப் புதைப்பதில்லை. பெரும்பாலும் எண்ணெய் ஆட்டப் போய்விடுகிறது.

எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். கொஞ்சம் எண்ணெயில் இறங்கும். பெரிய ஆலைகளில் காரம் சேர்த்து ரீபைன்டு செய்யும்போது அது போய்விடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை கிடையாது. 'இயற்கை எண்ணெய்' என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், செக்குக்காரர் எந்தப் பருப்பைப் போட்டு ஆட்டுகிறார் என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடும் பழைய பழக்கத்தில் அர்த்தம் இருந்திருக்கிறது. வெயில் பட்டால் எண்ணெயில் உள்ள அப்லாடாக்சின் சிதைகிறது என்று மைசூர் மத்திய உணவு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதற்காக சொத்தைப் பருப்பை ஆட்டி வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடக் கூடாது.

புண்ணாக்கு எங்கே போகிறது? மாட்டுத் தொட்டிக்கு!

பாலில் முதலிடம்... பெருமைப்பட முடியாத முதலிடம்

நஞ்சுள்ள புண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் கல்லீரலில் அது 'எம்-1' என்ற வேறு வடிவத்துக்கு மாறுகிறது. தின்றதில் 1 முதல் 6 சதவீதம் வரை பாலில் இறங்கும். காலையில் தின்றால் மறுநாள் பாலில் தெரியும். காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது.

பாலில் எம்-1 அளவுக்கு வரம்பு லிட்டருக்குச் சுமார் அரை மைக்ரோகிராம். கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் நஞ்சு உள்ள புண்ணாக்கை ஒரு மாடு தினம் ஒரு கிலோ தின்கிறது, 10 லிட்டர் கறக்கிறது, 2 சதவீதம் பாலில் இறங்குகிறது என்று வைத்தால், லிட்டருக்கு 0.6 வந்துவிடும். வரம்பு மீறியாச்சு.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்தால், 2019 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தேசிய பால் ஆய்வைப் பார்க்கவேண்டும். நாடு முழுக்க 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். 368-ல் எம்-1 வரம்புக்கு மேல் இருந்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில்தான் அதிகம். 551 மாதிரிகளில் 88! டெல்லியில் 262-ல் 38, கேரளாவில் 187-ல் 37. பாலில் தண்ணீர், பாலில் யூரியா என்று பயந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு, அதைவிட இது பெரிய பிரச்சினை என்று அப்போதுதான் தெரிந்தது. பச்சைப் பாலைவிட பதப்படுத்திய பாலில் அதிகம் காணப்பட்டது இன்னொரு அதிர்ச்சி.

ஒரு வாரம் டி.வி.யில் விவாதம் நடந்தது. 'எங்கள் பால் சுத்தம்' என்று அறிக்கைகள் பறந்தன. 2020 ஜனவரியில், வியாபாரத் தீவனம் எல்லாம் பி.ஐ.எஸ். தரத்தில் இருக்கவேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது. அமல்படுத்தும் தேதி தள்ளிப்போடப்பட்டது. அது அமலுக்கு வந்தாலும்கூட கம்பெனி மூட்டைத் தீவனத்துக்குத்தான் பொருந்தும். கடையில் ஒரு கிலோ, ரெண்டு கிலோ என்று எடை போட்டு வாங்கும் கடலைப் புண்ணாக்குக்கு எந்தச் சீட்டும் கிடையாது. ரெண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட புண்ணாக்கை நிறுத்திவிட்டால் 3, 4 நாளில் பால் தெளிந்துவிடும். மாட்டுக்கு வைத்தியம்கூட வேண்டாம்.

தண்ணி தெளிக்கும் பழக்கம்

பூஞ்சை கிடங்கில்தான் வரும் என்பதும் பாதி உண்மை. கடலை மண்ணுக்குள் இருக்கும்போதே, காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால், அப்போதே பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். மானாவாரியில் ஆடிப்பட்டம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கஷ்டம்தான். முதலில் காய்ச்சல், பிடுங்கும் நேரத்தில் பார்த்து அடைமழை. நனைந்த கொடியைக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கி, பூஞ்சைக்கு விருந்து.

கொடியைப் பிடுங்கியதும் காய் மேலே பார்க்கும்படி திருப்பிப் போட்டு உலர்த்துவது, காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போடும்வரை காயவைப்பது எல்லாம் பெரியவர்கள் செய்ததுதான். அரசு கொள்முதலுக்கும் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றுதான் விதி. ஆனால் காயவைத்தால் எடை குறையும். 100 கிலோவுக்கு 4, 5 கிலோ போனால் யார் கொடுப்பார் என்பது விவசாயியின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அதைவிட மோசம், உடைக்கும்போது செய்வது. தோல் உடைக்கையில் பருப்பு பிளக்காமல் இருக்க, காயின் மேல் தண்ணி தெளித்து ஊறவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கஷ்டப்பட்டுக் காயவைத்த கடலைக்கு மறுபடி ஈரம்! எடையும் கூடும் என்பதால் வியாபாரத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பருப்பைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, வெறும் தரையில் அட்டி போட்டால் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது பொறுக்குவதுதான். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூசணம் பிடித்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் பெரும்பகுதி நஞ்சு போய்விடும். வறுத்தால் கொஞ்சம் குறையுமே தவிர முழுக்கப் போகாது. கசந்த கடலையை விழுங்காமல் துப்பிவிடுவதும் நல்லது. பொறுக்கியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடாமல் அடுப்பில் போடவேண்டும்.

விற்பனைக்கூடத்தில் என்ன செய்யலாம் என்றால், பட்டை சோதனைக் கருவியை மட்டும் வாங்கி மேஜை மேல் வைத்து, ரிப்பன் வெட்டினால் வேலை நடக்காது. ஒரு லாட்டில் இருந்து 10, 20 கிலோ எடுத்து அரைத்துக் கலக்க ஒரு கிரைண்டர் வேண்டும். அரைத்த கடலைக்குப் பணம் யார் தருவது என்று முடிவாகவேண்டும். சோதனையில் தேறிய சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று ஏலத்திலேயே சொல்லவேண்டும். தேறாத சரக்கைப் புண்ணாக்குக்குப் போகவிடாமல் எங்கே அனுப்புவது என்பதும் தெரியவேண்டும். இப்போதைக்கு விழுப்புரத்து விவசாயி ஒருவர் தன் கடலையைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், மாதிரியைக் கட்டி எடுத்துக்கொண்டு சென்னைக்கோ, தஞ்சாவூர் உணவு தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ பஸ் ஏறவேண்டும். ரிப்போர்ட் வருவதற்குள் மூட்டை கைமாறி, பருப்பு செக்குக்கும் புண்ணாக்கு தொட்டிக்கும் போயிருக்கும்.